பக்கிளா, விட்ரெக்டமியா, வெறும் கேஸா: விழித்திரை பிரிந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

குன்னூரிலிருந்து அக்கா கோவைக்கு இறங்கி வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். இடது கண்ணில், மேலே மூக்குப் பக்கமாக ஒரு கறுப்பு நிழல். "புருவம் தொங்கி வந்து கண்ணை மறைக்கிற மாதிரி இருக்குடா" என்றாள். அவளுக்கு வயது 41. கல்லூரி நாளிலிருந்தே மைனஸ் 8 கண்ணாடி. டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரிய வைத்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வட்டம் போட்டுச் சிவப்பிலும் நீலத்திலும் வண்ணம் தீட்டினார். சிவப்பு ஒட்டியிருக்கும் விழித்திரை, நீலம் பிரிந்த பகுதி. நீலத்துக்குள் கீழே, வெளிப்பக்கமாக, இரண்டு சின்ன ஓட்டைகள் (கண்ணுக்குள் உருவம் தலைகீழாக விழுவதால், கீழே பிரிந்தால் நிழல் மேலே தெரியும்). பார்வையின் மையமான மாக்குலாவை நீலம் இன்னும் தொடவில்லை.

"பக்கிளும் பண்ணலாம்ங்க, விட்ரெக்டமியும் பண்ணலாம்ங்க. ராத்திரிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க, காலையில வெச்சுக்கலாம்" என்றார். இரண்டும் பிரிந்த விழித்திரையை மறுபடி ஒட்ட வைக்கும் அறுவைகள்.

"எதுங்க டாக்டர் நல்லது?"

"ஒட்டுமான்னு கேட்டீங்கன்னா ரெண்டுலயும் ஒட்டும். ஒட்டுனதுக்கு அப்புறம் எப்படித் தெரியும்னு கேளுங்க."

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். இரண்டு வருடம் முன்பு சித்தப்பாவுக்கு இதே பிரச்சினை வந்தபோது, நாங்கள் எல்லோரும் "சக்சஸ் எத்தனை பர்சென்ட்?" என்று மட்டும்தான் கேட்டோம். அது தப்பான கேள்வி இல்லை, அரைகுறையான கேள்வி.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கண்ணுக்குள் நுங்கு மாதிரி ஒரு ஜெல்லி நிறைந்திருக்கிறது. பெயர் விட்ரியஸ். வயதாக ஆக, அல்லது கிட்டப்பார்வை அதிகமான கண்ணில் அதற்கும் முன்பே, அது நீர்த்துச் சுருங்கும். சுருங்கும்போது ஒட்டியிருந்த இடத்தைப் பிடித்து இழுத்தால் விழித்திரை கிழியும். அப்போதுதான் கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதும் பூச்சி பறப்பதும். இழுப்பே இல்லாமல், ஓரத்தில் மெலிந்த இடத்தில் ஓட்டை விழுவதும் உண்டு. அக்காவுக்கு அந்த வகை. ஓட்டை விழுந்ததும் நீர் உள்ளே புகுகிறது. சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரின் கிழிசலுக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் எப்படி மொத்தமும் உரிந்து வருமோ, அப்படி.

ஓட்டைதான் காரணம், அதை அடைத்தால் கண் பிழைக்கும் என்று 1920களில் நிரூபித்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து டாக்டர் ஜூல்ஸ் கோனின். அதற்கு முன் விழித்திரை பிரிந்தால் அநேகமாகக் குருடுதான். இன்றைக்கு இருக்கும் மூன்று வழிகளும் கோனின் வேலையையே வேறு வேறு விதமாகச் செய்கின்றன: ஓட்டையை மூடு, சுற்றி லேசராலோ உறைய வைக்கும் கிரையோவாலோ தழும்பு உண்டாக்கு, அந்தத் தழும்பு இறுகும்வரை விழித்திரையைச் சுவரோடு அழுத்தி வை. எந்தப் பக்கத்திலிருந்து அழுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

பக்கிள் என்றால் வெளியிலிருந்து. கண்ணின் வெள்ளைச் சுவர்மேல், ஓட்டைக்கு நேராக, ஒரு சிலிக்கான் துண்டை வைத்துத் தைப்பார்கள். தேவைப்பட்டால் கண்ணைச் சுற்றி இடுப்புப் பட்டை மாதிரி ஒரு பட்டையும் போடுவார்கள். சுவர் உள்ளே அமுங்கி ஓட்டையைத் தொடும். விட்ரெக்டமி என்றால் உள்ளிருந்து. அரை மில்லிமீட்டர் அளவில் மூன்று துளை போட்டு, ஜெல்லியை வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேஸோ சிலிக்கான் ஆயிலோ நிரப்புவார்கள். மூன்றாவது, வெறும் கேஸ் ஊசி: ஜெல்லியைத் தொடாமல் ஒரு சின்னக் குமிழை மட்டும் கண்ணுக்குள் செலுத்தி, அது மிதந்து போய் ஓட்டையை அடைக்கும்படி தலையைச் சாய்த்து வைத்திருப்பது. இதற்குத் தியேட்டர்கூடத் தேவையில்லை, அறையிலேயே முடித்துவிடலாம்.

இனி அந்தப் பர்சென்ட் விஷயம். இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் 64 என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 90க்கு மேல் இருக்கும். இரண்டும் பொய்யில்லை. 2007-ல் ஜெர்மானிய மருத்துவர்கள் முன்னின்று நடத்தி வெளியிட்ட ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு, ஓரளவு சிக்கலான பிரிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பக்கிளுக்கும் விட்ரெக்டமிக்கும் பிரித்தது. அப்புறம் விழித்திரையில் கை வைக்க வேண்டிய அவசியமே வராமல் ஒட்டியிருந்தால்தான் வெற்றி என்று கறாராகக் கணக்கிட்டது. சொந்த லென்ஸ் உள்ள கண்களில் இரண்டுக்கும் ஏறக்குறைய 64 சதவீதம்தான். ஏற்கெனவே புரை எடுத்து லென்ஸ் வைத்த கண்களில் விட்ரெக்டமிக்கு 72, பக்கிளுக்கு 53. அமெரிக்காவில் பல மருத்துவமனைகளின் 2015-ஆம் ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டிய இன்னொரு ஆய்வில், சொந்த லென்ஸ் உள்ளவர்களுக்குப் பக்கிள் 92, விட்ரெக்டமி 83. இங்கே குலுக்கல் கிடையாது. எந்தக் கண்ணுக்கு எது என்று டாக்டரே முடிவு செய்தவை. அதனால் பக்கிளுக்குப் போனவை லேசான கண்களாகவே இருந்திருக்கலாம்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. முதல் அறுவையில் ஒட்டாவிட்டாலும் இரண்டாவது, மூன்றாவதில் ஒட்டிவிடும் கண்களையும் சேர்த்தால், கடைசிக் கணக்கு எந்த வழியிலும் மிக உயரத்துக்குப் போய்விடுகிறது. ஆக, "ஒட்டுமா" என்ற கேள்வியில் வழிகள் பெரிதாக வேறுபடுவதில்லை. எத்தனை தடவை தியேட்டருக்குப் போவோம், ஒட்டிய பிறகு கோடு கோடாகத் தெரியுமா, எத்தனை மாதத்தில் புரை வரும், எத்தனை நாள் குப்புறப் படுக்க வேண்டும், இவற்றில்தான் வேறுபடுகின்றன.

வெறும் கேஸ் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் டொரன்டோவில் 176 பேரை வைத்து அதையும் விட்ரெக்டமியையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். ஒரே தடவையில் ஒட்டியது கேஸில் 81 சதவீதம், விட்ரெக்டமியில் 93. இந்த ஒரு வரியைப் படித்தால் யாரும் விட்ரெக்டமி பக்கம்தான் சாய்வார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்வைப் பலகையில் கேஸ் போட்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ 5 எழுத்து அதிகம் படித்தார்கள், கோடுகள் வளைந்து தெரிவதும் அவர்களுக்குக் குறைவு. சொந்த லென்ஸ் இருந்தவர்களில் அந்த ஒரு வருடத்துக்குள் புரை ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டி வந்தது விட்ரெக்டமியில் 65 சதவீதம், கேஸில் 16. அதாவது ஐந்தில் ஒருவர் இரண்டாவது தடவை போக வேண்டிய வழியில்தான் மொத்தமாகப் பார்த்தால் பார்வை நன்றாக வந்திருக்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் கேஸே போட்டுவிடலாமே? முடியாது. குமிழ் மிதக்கும் பொருள், மேலே மட்டும்தான் அழுத்தும். கண்ணைக் கடிகாரமாக நினைத்தால் 8 மணியிலிருந்து மேலே சுற்றி 4 மணி வரைக்குள் ஓட்டை இருக்க வேண்டும். பல ஓட்டைகள் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். சொன்னபடி தலையைச் சாய்த்து நாள்கணக்கில் இருக்கும் ஆளாகவும் இருக்க வேண்டும். அக்காவின் ஓட்டைகள் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில். அந்த வழி அங்கேயே அடைபட்டுவிட்டது.

மீதி இரண்டு. பெரும்பாலான மருத்துவமனைகளில் இன்று முதலில் சொல்லப்படுவது விட்ரெக்டமிதான். அது நியாயமில்லாததும் அல்ல. மயாமியில் ராபர்ட் மாக்கெமர் 1970-ல் தொடங்கி வைத்தபோது கருவி பெரிதாக இருந்தது, தையலும் போட்டார்கள். இன்றைய துளைகள் தையலில்லாமல் தானே மூடிக்கொள்கின்றன. உள்ளே ரத்தம் கசிந்து மறைத்திருந்தாலோ, ராட்சதக் கிழிசலாக இருந்தாலோ, பழைய தழும்புகள் விழித்திரையைச் சுருக்கி இழுத்துக்கொண்டிருந்தாலோ வேறு வழி தேடவே வேண்டாம். லென்ஸ் வைத்த கண்ணிலும் அப்படித்தான். அந்தக் கண்களில் ஓட்டைகள் மிகச் சின்னதாக ஓரத்தில் ஒளிந்திருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால்தான் கிடைக்கும். புரை வருமே என்ற கவலையும் அங்கே இல்லை, எடுக்க வேண்டியதை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

சித்தப்பாவுக்கு 67 வயது, மூன்று வருடம் முன்பு லென்ஸ் வைத்தது. கிழிசல் மேலே, மாக்குலாவும் பிரிந்துவிட்டிருந்தது. விட்ரெக்டமி, உள்ளே கேஸ். ஒரே தடவையில் ஒட்டியது, பலகையில் 6/12 வரை படிக்கிறார். ஏட்டில் பார்த்தால் முழு வெற்றி. ஆனால் அந்தக் கண்ணில் மட்டும் பார்த்தால் கதவு நிலை நடுவில் நெளிகிறது, செய்தித்தாளின் பத்திக் கோடு பாம்பு மாதிரி போகிறது. பிரிந்த விழித்திரை பழைய இடத்திலேயே அச்சாக உட்காராமல் ஒரு நூல் இடம் மாறி ஒட்டினால் இப்படி ஆகும். பெரிய குமிழ் விழித்திரையை வேகமாக அழுத்தும்போது இதற்கு வாய்ப்பு அதிகம். அவருக்கு அப்போது கேஸ் ஊசி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். கிழிசல் மேலேதானே இருந்தது? டாக்டரிடம் கேட்டேன். லென்ஸ் வைத்த கண்ணில் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது ஓட்டை இருந்தால் ஊசி தோற்றுப்போகும் என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் சித்தப்பா இவ்வளவு ஏமாந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

மாக்குலா பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்த அறுவை என்பதைவிடப் பார்வையை அதிகம் தீர்மானிப்பது அதுதான். மாக்குலா ஒட்டியிருக்கும்போதே சரிசெய்தால் முன்பிருந்த பார்வை பெரும்பாலும் தங்கிவிடும். அது பிரிந்து நாளானால், எவ்வளவு அழகாக ஒட்டினாலும் கொஞ்சம் போனது போனதுதான். ஒட்டியிருப்பவருக்கு அன்றோ மறுநாளோ அறுவை, பிரிந்தவருக்கும் சில நாட்களுக்குள் என்று டாக்டர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான். இன்னொரு ஊருக்குப் போய் நான்காவது டாக்டரிடம் கருத்துக் கேட்கும் நேரத்தில் மாக்குலா பிரிந்துவிட்டால், நல்ல அறுவையைத் தேர்ந்தெடுத்தும் பலனில்லை.

சரி, விட்ரெக்டமியின் பின்விளைவுகள். சொந்த லென்ஸ் உள்ளவர்களுக்குப் புரை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அநேகமாக இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். 41 வயதில் புரை எடுத்தால் கிட்டத்துப் பொருளைத் தானாகக் குவித்துப் பார்க்கும் சக்தி அந்தக் கண்ணில் போய்விடும். அக்காவுக்கு அது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அடுத்து, முதல் சில நாள் கண் அழுத்தம் ஏறலாம், சொட்டு மருந்தில் அடங்கும். எல்லோரும் பயப்படும் கிருமித் தொற்று, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. உண்மையில் பயப்பட வேண்டியது தழும்புச் சவ்வு. நூற்றில் 5 முதல் 10 பேருக்கு, அறுவைக்குப் பின் வாரங்களில், விழித்திரைமேல் சவ்வு வளர்ந்து சுருக்கி மறுபடி பிய்த்துவிடும். ஒட்டிய விழித்திரை மீண்டும் பிரிய முதல் காரணம் அதுதான். எந்த அறுவை செய்தாலும் வரலாம்.

அந்தச் சவ்வு வந்தவர்களுக்குத்தான் சிலிக்கான் ஆயில் கேள்வி எழும். கேஸ் தானாகக் கரையும்: எஸ்எஃப்6 என்றால் சுமார் 2 வாரம், சி3எஃப்8 என்றால் 6 முதல் 8 வாரம். ஆயில் கரையாது. சில மாதம் கழித்து இன்னொரு அறுவையில் எடுக்க வேண்டும், எடுத்த பிறகு சிலருக்கு மறுபடி பிரியும். எடுக்காமலே விட்டால் நாளாக ஆகப் பால் திரிகிற மாதிரி துளித்துளியாக உடைந்து அழுத்தத்தை ஏற்றும். ஆயில் இருக்கும்வரை சொந்த லென்ஸ் உள்ள கண்ணில் 5, 6 ப்ளஸ் பவர் கூடும். நன்மையும் உண்டு. அடுத்த நாளே மங்கலாகவாவது தெரியும் (கேஸில் கை அசைவது மட்டும்தான் தெரியும்), விமானம் ஏறலாம், குப்புறப் படுக்க முடியாத முதியவருக்கும் குழந்தைக்கும் வசதி. தழும்புச் சவ்வு வந்த கண்களில் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆயில் எஸ்எஃப்6-ஐ வென்றது, சி3எஃப்8-க்கு ஏறக்குறையச் சமமாக நின்றது. என் பார்வையில் ஆயில் கட்டாயத்துக்குப் போடுவது. சாதாரண முதல் பிரிவுக்கு யாராவது ஆயில் என்றால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும்.

விமானம் என்றேன். எங்கள் முடிவைத் தீர்மானித்ததே அதன் சொந்தக்காரச் சங்கதிதான். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் கேஸ் விரியும், அழுத்தம் ஏறி நரம்புக்கு ரத்தமே போகாமல் பார்வை பறிபோகலாம். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டி 2,240 மீட்டர். குன்னூர் ஏறக்குறைய 1,850. கேஸ் வைத்தவர் விமானம் ஏறக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறக்கூடாது என்று நோயாளியின் ஊரைக் கேட்டவர்தான் சொல்வார். கேஸ் கரையும்வரை அக்கா வீட்டுக்கே போக முடியாது. எஸ்எஃப்6 என்றால் இரண்டு வாரம் எங்கள் வீட்டில், சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம். இன்னொன்று, கேஸ் இருக்கும்போது வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடாது. அதனால்தான் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள், கழற்றக் கூடாது.

கடைசியில் பக்கிள். பழைய முறை: 1949-ல் ஜெர்மனியின் குஸ்டோடிஸ், அடுத்த சில ஆண்டுகளில் பாஸ்டனின் சார்லஸ் ஷெப்பன்ஸ். சென்னையில் சங்கர நேத்ராலயாவை 1978-ல் தொடங்கிய டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் அந்த ஷெப்பன்ஸிடம் பயின்றவர். இளவயது, சொந்த லென்ஸ், கிட்டப்பார்வை, ஜெல்லி இன்னும் கெட்டியாக இருக்கும் கண், மெலிந்த இடத்தில் விழுந்த உருண்டை ஓட்டை, அதுவும் கீழே: பக்கிளுக்கென்றே அளவெடுத்த பட்டியல் இது. ஜெல்லியைத் தொடுவதில்லை, எனவே புரை குறைவு. மேலே சொன்ன ஜெர்மானிய ஆய்வில் புரை முற்றியது பக்கிளில் 46 சதவீதம், விட்ரெக்டமியில் 77. சொந்த லென்ஸ் உள்ளவர்களின் பார்வையும் பக்கிளிலேயே கூடுதலாகத் தேறியது. கேஸ் இல்லாமலும் முடிக்கலாம், குப்புறப் படுக்க வேண்டாம்.

விலையும் உண்டு. கண் நீளமாகிக் கிட்டப்பார்வை கூடும், முழுப் பட்டை போட்டால் 2, 3 டயாப்டர் வரை. தசைகளுக்கு அடியில் பட்டை போவதால் இரட்டையாகத் தெரியலாம், பெரும்பாலும் வாரங்களில் சரியாகும், சிலருக்கு ஆகாது. வலி விட்ரெக்டமியைவிட அதிகம். நீரை வெளியே எடுக்க ஊசியால் துளைத்தால் ரத்தம் கசியும் ஆபத்து கொஞ்சம் உண்டு. வருடங்கள் கழித்துப் பட்டை வெளியே நீட்டிக்கொண்டு வந்தோ சீழ் பிடித்தோ எடுக்க வேண்டி வருவதும் அபூர்வமாக நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக இது கைப்பழக்கத்தில் இருக்கும் வேலை. இப்போது படித்து வரும் பலர் விட்ரெக்டமியையே அதிகம் செய்து பழகுகிறார்கள். மாதத்துக்கு ஒன்றுகூடப் பக்கிள் போடாதவரிடம் பக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதைவிட, அவர் நன்றாகச் செய்யும் விட்ரெக்டமியே மேல்.

அதனால் அன்றிரவு டாக்டருக்குப் போன் செய்து இரண்டே கேள்வி கேட்டோம். நீங்கள் வழக்கமாகப் பக்கிள் போடுகிறீர்களா? பக்கிளோடு கேஸும் செலுத்த வேண்டி வருமா? முதலாவதற்கு ஆமாம். இரண்டாவதற்கு, "அநேகமா வேண்டாங்க, ஆனா உள்ளே போய்ப் பார்த்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும்." கேஸ் செலுத்த வேண்டி வந்தால் அக்கா தங்க எங்கள் வீட்டு மாடி அறை தயாராக இருந்தது.

கேஸ் தேவைப்படவில்லை. நீரையும் துளைத்து எடுக்கவில்லை, அடுத்த சில நாட்களில் அதுவாக வற்றியது. மூன்று வாரம் கீழே பார்த்தால் படிக்கட்டு இரண்டாகத் தெரிந்தது, மாடிப்படியில் கையைப் பிடித்துத்தான் இறக்கினோம். இடது கண் பவர் மைனஸ் 8 இப்போது மைனஸ் 9.5. இரண்டு கண்ணாடிக்கும் உருவத்தின் அளவு ஒத்துவரவில்லை என்று கான்டாக்ட் லென்ஸுக்கு மாறிவிட்டாள். கோடுகள் நேராகத் தெரிகின்றன.

வலது கண்ணிலும் மெலிந்த இடமும் ஒரு சின்ன ஓட்டையும் இருந்தன, நீர் இன்னும் புகவில்லை. சுற்றி லேசர் போட்டது பத்து நிமிட வேலை. அதற்கு யாரும் ராத்திரி வரை அவகாசம் கேட்கவில்லை.